புண்ணில் தூவிய கெப்சூல் பொடி

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்காவது கையில் வெட்டுப் பட்டால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். நான் டாக்டரும் இல்லை, நர்ஸ் மிஸ்ஸியும் இல்லை. கஹவத்தைக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா பார்க்கிறவள். அம்மாமார் வேலைக்குப் போனபிறகு அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பள்ளியில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள், சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, வாய் கொஞ்சம் நீளம். எங்கள் பக்கம் அரை டாக்டர் ஆவதற்கு இவ்வளவு போதும்.

என் வைத்தியம் முழுக்க ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்கு மருந்து கொடுத்தால் எங்கள் ஆட்கள் மூன்று நாள் குடிப்பார்கள். காய்ச்சல் விட்டபிறகும் மருந்து குடிக்கிறவன் மடையன் என்பது லயத்து அறிவு. மிச்சத்தை எறிய மனசு வராது. என்னிடம் கொண்டுவந்து தருவார்கள், நானும் வாங்கி டின்னில் போட்டு வைப்பேன். சிவப்பும் கறுப்பும், சிவப்பும் மஞ்சளும், பச்சையும் நீலமும் என்று எல்லா நிறத்திலும் இருக்கும். பெயர் ஒன்றும் தெரியாது, நிறம்தான் தெரியும்.

பால்வெட்டுக் கத்தி பட்ட காயமோ, அட்டை கடித்துச் சொறிந்து சீழ் வைத்த புண்ணோ, சுடுதண்ணீரில் கழுவுவேன். கெப்சூலை இரண்டு நகத்துக்கு நடுவில் பிடித்துத் திருகினால் இரண்டாகப் பிரியும். உள்ளே இருக்கும் பொடியைப் புண்ணில் தூவி, பழைய சேலைத் துணியால் கட்டிவிடுவேன். இரண்டு நாளில் காய்ந்துவிடும். "அக்கா கைராசி வேற யாருக்கும் வராது" என்பார்கள். கேட்க எனக்குக் குளுகுளுவென்று இருக்கும். அதை மறைப்பானேன்.

என் தம்பி இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். எனக்கு ஏழு வயது இளையவன். லயத்தில் என் அறைக்கு அடுத்த காம்பராவில் மனைவியோடும் ஒரே மகளோடும் இருக்கிறான். போன மழைக்காலத்தில், மழை விட்ட ஒரு காலையில், பால் வாளியோடு சரிவில் இறங்கியவன் வழுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. நாலு பேர் சாக்கில் கிடத்தி றோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து, எலும்போடு ஒரு தகட்டை வைத்து ஆணி முடுக்கினார்கள்.

நல்லபடியாகத்தான் முடிந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, மூன்று மாதத்தில் நடக்கலாம், பிறகு மெதுவாக மலையேறலாம் என்றார். எங்களுக்கு அந்தக் கால் வெறும் கால் இல்லை. எங்கள் மரங்கள் எல்லாம் சரிவில்தான் நிற்கின்றன. கால் இல்லாதவன் வெட்டுவதற்கென்று எந்த மரமும் றோட்டோரம் வந்து நிற்காது.

"அப்ப வருசப் பொறப்புக்கு நான் பால் வெட்டலாம்ல?" என்று தம்பி கேட்டான்.

"ஆமாடா. அந்த மரமெல்லாம் ஒன்னக் காணாம சோறு தண்ணி எறங்காம கெடக்கு" என்றேன். அடுத்த கட்டில்காரர்கூடச் சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது வாட்டு மிஸ்ஸி என்னைப் பிடித்து நிறுத்தினார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய சிங்கள அம்மா. மாத்திரையைக் கடைசி மாத்திரை வரை குடிக்க வேண்டும், கட்டை நனைக்கக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்ட வேண்டும், சிவந்தாலோ தண்ணீர் வடிந்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும். இதையெல்லாம் மூன்று தடவை சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தார். நானும் கிளிப்பிள்ளையாக ஒப்பித்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் தம்பிக்கு அந்த மாத்திரையால் வயிறு எரிந்தது. தையலைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. "எரிஞ்சா விட்டுர்றா. மிச்சத்த இங்க குடு, பொறகு ஒதவும்" என்று வாங்கி டின்னில் போட்டேன். அதைச் சொன்ன வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும்.

டிஸ்பென்சரி வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கும். எங்கள் லயத்திலிருந்து அங்கே போக நூறு படிக்கு மேல் இறங்க வேண்டும். தம்பியைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிப் போவார்கள். மழை விடாமல் பெய்த வாரத்தில் படியெல்லாம் பாசி. தூக்குகிறவன் வழுக்கினால் மற்றக் காலும் போகும் என்று இரண்டு தடவை போகாமல் விட்டோம். இரண்டாவது வாரம் கட்டைப் பிரித்தால் தையலில் இரண்டு இடம் சிவந்து, மெல்லிசாகத் தண்ணீர் கசிந்திருந்தது.

தம்பி மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. தம்பி விழுந்ததிலிருந்து அவன் மரங்களையும் சேர்த்து வெட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கிப் போயிருவமா?"

"போனா என்ன சொல்வாங்கன்னு நெனைக்கிற? மருந்து கட்டல, மாத்திர குடிக்கல, கட்ட நனைச்சுட்டீங்கன்னு ஏசித் தள்ளுவாங்க. இருடி, ரெண்டு நாளு பாப்போம்."

எனக்குச் சொந்தமாக ஒரு மூளை இருந்தது, அதில் அன்றைக்கு இருந்ததெல்லாம் ஏச்சுக்குப் பயம்தான். டின்னைத் திறந்தேன். இரண்டு கெப்சூலை உடைத்துத் தையல்மேல் தூவினேன். காலையும் மாலையும் வாய்க்கும் ஒன்று கொடுத்தேன். சிவப்பு கறுப்பு மூன்று நாளில் தீர்ந்தது. பிறகு பச்சை நீலம் இரண்டு நாள்.

கசிவு நின்றுவிட்டது. அடி ஆத்தாடி, அன்றைக்கு என் நடையைப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளைக்காம்பராவில் வருகிற போகிற அம்மாமாருக்கெல்லாம் சொன்னேன், பெரியாஸ்பத்திரி தைத்ததை நான் காய வைத்தேன் என்று. தம்பியும் சும்மா இருக்கவில்லை, "எங்கக்காவுக்கு தொர பங்களாவுல ஒரு ஆஸ்பத்திரி வச்சுக் குடுக்கணும்" என்றான்.

ஒரு வாரம் போனது. ஒரு மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தபோது தம்பி மகள் ஓடி வந்தாள், அப்பா நடுங்குகிறார் என்று. போய்ப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது. காலைச் சுற்றித் தோல் வீங்கிப் பளபளவென்று இருந்தது. தையல் ஒரு இடத்தில் வாய் பிளந்து சீழ் வந்தது. நாளெல்லாம் குழந்தைகளின் பீத்துணி அலசுகிறவள் நான், எனக்கே முகத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

ஆட்டோவைச் சொல்லிவிட்டு, கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். புண்ணைச் சுற்றி வெள்ளையாக அப்பியிருந்த பொடியைச் சுடுதண்ணீரில் துடைத்தெடுத்தேன். புண்ணுக்காக அல்ல. மிஸ்ஸி பார்த்துவிடக் கூடாதே என்று.

வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எதைக் கேட்டாலும் எங்கள் ஆட்கள் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள். வெற்றிலை போடுவியா? இல்லீங்க. சாராயம் குடிப்பியா? இல்லீங்க. நாட்டு மருந்து கட்டினியா? இல்லீங்க. வாயெல்லாம் சிவந்திருக்கும், ஆனாலும் இல்லீங்க. பரம்பரை பரம்பரையாக ஏச்சு வாங்கி வந்த புத்தி. லயத்து ஆட்களோடு ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்கப் போகும்போது இதைப் பார்த்து நானே தலையில் அடித்துக்கொள்வேன், இவ்வளவு பயந்த சனமா என்று.

அன்றைக்குப் பெரியாஸ்பத்திரியில் அனுமதித் துண்டு எழுதிய இளம் டாக்டர் சிங்களத்தில் கேட்டார். இந்த நாட்களில் வேறு ஏதாவது மருந்து குடித்தாரா? கடையில் வாங்கியது, யாராவது கொடுத்தது? நான் யோசிக்கவே இல்லை.

"மொகுத் நே டொக்டர்."

ஒன்றுமே இல்லை டாக்டர். அவர் இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரம் அதையே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். தம்பிக்கும் பஜார் சிங்களம் தெரியும். அந்தக் காய்ச்சலிலும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். ஏச்சிலிருந்து தப்பிவிட்டோம் என்ற சிரிப்பு.

தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் புண்ணைத் திறந்து கழுவினார்கள். சீழை எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய மூன்று நாளாகுமாம். அதுவரை வழக்கமாகக் கொடுக்கும் மருந்தைச் சேலைனோடு ஏற்றினார்கள். முதல் நாள் காய்ச்சல் குறையவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. நான் கட்டில் பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? கெப்சூல் உடைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

ரிப்போட் வந்த அன்று, முன்பு மூன்று தடவை சொல்லி அனுப்பிய அதே மிஸ்ஸி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் மருந்துப் பெயர்கள் வரிசையாக, எதிரே ஆங்கில எழுத்து ஒவ்வொன்று. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது, எதிர்த்து நிற்கும் என்றார். மேலிருந்து கீழே பார்த்தேன். ஆர், ஆர், ஆர், ஆர். கடைசி வரியில் மட்டும் ஒரு எஸ்.

மிஸ்ஸி மேல் வரியில் விரலை வைத்தார். தான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒப்பரேஷன் புண்ணில் சீழ் வைத்தால் இந்த மருந்தைப் போடுவோம், மூன்றாம் நாள் ஆள் எழுந்து உட்கார்ந்து சோற்றில் உப்பில்லை என்று சண்டை பிடிப்பான் என்றார். பிறகு அது கேட்காமல் போனது, அடுத்த வரிக்கு வந்தோம். அதுவும் கேட்காமல் போனது, அதற்கு அடுத்தது. சொல்லச் சொல்ல விரலைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். தாளின் அடியில் வந்து நின்றது. "இதுக்கு மேல எங்க போறது துவே?" என்று சிங்களமும் தமிழும் கலந்து கேட்டார். துவ என்றால் மகள். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது எனக்குத் தாங்கவில்லை.

அன்று எலும்பு டாக்டர் வாட்டுக்கு வெளியே நடையில் தனியாக வரும்வரை காத்திருந்து போய் நின்றேன். வீட்டில் மருந்து கொடுத்தோம் என்று சொன்னேன். புண்ணிலும் போட்டோம், வாயிலும் கொடுத்தோம், நீங்கள் கொடுத்ததையும் நாலு நாளில் நிறுத்தினோம், நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

என்ன மருந்து என்று கேட்டார். சிவப்பு கறுப்பு, பச்சை நீலம் என்றேன். ஒரு டாக்டரிடம் நிறம் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், வயது நாற்பத்தெட்டு. அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த மூன்று நாள் வேறு மருந்தில் தொடங்கியிருப்போம் என்றார். அது உதவியிருக்கலாம். உதவாமலும் போயிருக்கலாம். இந்தக் கிருமி உங்கள் வீட்டில் வளர்ந்ததா, இங்கே வாட்டில் தொற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊரெல்லாம் அரைகுறையாகக் குடிக்கிறார்கள், கடைக்காரர்கள் கேட்டதும் கொடுக்கிறார்கள், நாங்களும் சில நேரம் தேவைக்கு மேல் எழுதுகிறோம். எல்லாம் சேர்ந்து வந்தது என்றார்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கன்னத்தில் இரண்டு அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கட்டிலுக்குத் திரும்பினேன். "டாக்டர் என்னக்கா சொன்னாரு?" என்று தம்பி கேட்டான். "வேற மருந்து மாத்தப் போறாங்களாம்" என்றேன். அந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்லவில்லை. ஆயிரம் பேருக்கு மொழிபெயர்த்த வாய்க்கு அதை மட்டும் தமிழில் சொல்ல வரவில்லை.

கடைசி வரி மருந்து அந்த ஆஸ்பத்திரியில் முடிந்துபோயிருந்தது. கொழும்பிலிருந்து வர இரண்டு நாளானது. அதற்குள் தம்பியைத் தனி அறைக்கு மாற்றினார்கள். அவன் கிருமி வாட்டில் மற்றவர்களுடைய ஒப்பரேஷன் புண்ணுக்குப் பரவினால் அவர்களுக்கும் இதே கதி. உள்ளே போகிற எல்லோரும் அங்கி போட்டு, கையுறை போட்டு, வரும்போது கழற்றிக் கை கழுவ வேண்டும். அவன் மனைவி கையுறையோடு சோறு ஊட்டினாள்.

"அக்கா, எனக்கென்ன தொத்து வியாதியா? ஏன் எல்லாரும் தள்ளி நிக்கிறாங்க?"

"ஒன் அழகப் பாத்துக் கண்ணு படக்கூடாதுன்னுதான்டா" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

மருந்து வந்தது. ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்டேன். நாலாம் நாள் மூத்திரம் குறைந்தது. அந்த மருந்து சிறுநீரகத்தைப் பிடிக்கக்கூடியதாம், இரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். அளவைக் குறைத்தார்கள். காய்ச்சல் ஏறியது. கூட்டினால் சிறுநீரகம் போகும், குறைத்தால் கால் போகும். முடுக்கிய ஆணிகளையும் தகட்டையும் எடுத்துவிட்டுக் கழுவினார்கள், மறுபடி கழுவினார்கள். ஒவ்வொரு தடவையும் எலும்பில் அழுகியதைச் சுரண்டி எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் தியேட்டர் வாசலில் நானும் தம்பி மனைவியும் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவமா என்று அன்றைக்குக் கேட்டவள் அவள். கேட்டுவிடுவாளோ என்று பயந்தும் இருந்தேன், கேட்டுவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

ஒருநாள் காலை எலும்பு டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். கிருமி இரத்தத்துக்கு ஏறத் தொடங்கிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிர் தங்கும் என்றார். இன்றே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, நான் தமிழில் சொல்வதற்காகக் காத்திருந்தார். பாதியிலேயே தம்பிக்குச் சிங்களத்தில் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னால்தான் அது நிஜம் என்பதுபோல.

சொன்னேன்.

"வேற மருந்து ஒன்னுமே இல்லியாக்கா?"

"இல்லடா."

"வெளிநாட்டுல கூட?"

டாக்டரிடம் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தம்பி, "மலைக்குப் போக ஏலாதே" என்றான். சத்தம் போட்டு அழுவான் என்று நினைத்தேன். அவன் அழவில்லை, மலைக்குப் போக ஏலாதே என்று இன்னும் இரண்டு தரம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

கால் எடுத்து ஐந்து மாதமாகிறது. காயம் ஆறிவிட்டது. தோட்டத்தில் அவன் பெயரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவன் மனைவி பெயர் வேலையில் இருப்பதால் குடியிருக்கும் காம்பரா மிஞ்சியிருக்கிறது. அவள் இருட்டோடு எழுந்து மலைக்குப் போகிறாள். அவன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, போகிறவர்களையும் வருகிறவர்களையும் கூப்பிட்டுப் பேசுகிறான். செயற்கைக் காலுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

பார்க்க வருகிறவர்களிடம் அவன் சொல்கிற கதை ஒன்றுதான். சிங்களம் தெரிந்த அக்கா இல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரியில் அநாதையாகச் செத்திருப்பேன். வேலைக்கும் போகாமல் என் கட்டிலைக் காத்தவள் அக்கா. கொழும்பு மருந்துக்காக டாக்டர் பின்னால் நாயாக அலைந்தவள் அக்கா. நான் வாசலைக் கடக்கும்போது அவன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தால் என்னை நிறுத்திவைத்து, "இவங்கதான்" என்று காட்டுவான். "சும்மா கெடடா" என்று அதட்டிவிட்டுப் போவேன். அடக்கமாம் எனக்கு, சனம் அதற்கும் மெச்சுகிறது.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை தரம் போயிருப்பேன். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்காருவேன். சொன்னால் கால் வரப்போவதில்லை. அவனுக்கு நம்ப என்று மிச்சம் இருக்கிற ஒரு ஆளும் போய்விடுவாள். இது அவனுக்காகப் பார்க்கிற நியாயமா, எனக்காகப் பார்க்கிற நியாயமா என்று எனக்கே தெரியவில்லை. எழுந்து வந்துவிடுவேன்.

போன வாரம் அவன் மகளுக்கு ஓ.எல். பரீட்சை தொடங்கியது. வெள்ளை உடுப்போடு, நெற்றியில் விபூதியோடு, அப்பாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். வாழ்த்த வேண்டும் என்று நானும் போய் நின்றேன்.

தம்பி கதிரையிலிருந்தே சொன்னான்: "மொதல்ல அத்த கால்ல விழுந்து கும்புட்டுக்கம்மா. அப்பா உசுரோட இருக்கிறது அத்தையாலதான்."

பிள்ளை புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு, உடுப்பு அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் ஈரத் தரையில் மண்டியிட்டாள். அவள் நெற்றி என் பாதத்தில் பட்டது. தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், கண் நிறைந்திருந்தது. பின்னால் கதவு நிலையில் சாய்ந்தபடி அவன் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் ஆசீர்வதிக்காமல் பிள்ளை எழுந்திருக்க மாட்டாள். கையை எடுத்து அவள் தலையில் வைத்தேன்.